முதலில் நம்பர், அப்புறம் சண்டை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானாகச் சொல்லவில்லை. கல்யாணமான முதல் வாரமே என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சொந்தமாக பியூட்டி பார்லர் நடத்துகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடுமா? ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வாய் அப்படியே ஒட்டிக்கொண்டது. நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவு பயம்.

எங்களுக்கு ஒரு குரூப் இருக்கிறது. எல்லாரும் சர்க்கரை வியாதிக்காரர்கள், ஒரே டாக்டரிடம் போகிறவர்கள். டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிப் பேசிப் பிறந்த குரூப் அது. ஆரம்பித்தவர் மருந்துக்கடைக்கார அக்கா. அவர்தான் அட்மின். குரூப்பில் யாரும் சொந்தப் பேரில் இல்லை, பட்டப்பேர்தான். என் பேர் பட்டாசு. யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று கேட்க வேண்டாம்.

குரூப்பில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் எழுந்ததும் விரலில் குத்தி, மெஷினில் சர்க்கரை எவ்வளவு காட்டுகிறதோ அந்த நம்பரைக் குரூப்பில் போட வேண்டும். நம்பர் வந்தால் ஆள் நலம். வராவிட்டால் மதியத்துக்குள் யாராவது கூப்பிட்டு விசாரிப்பார்கள். எங்களில் பாதிப் பேர் தனியாக இருப்பவர்கள், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்கள். ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்தாரா என்று கேட்க வீட்டில் நாதி கிடையாது. அதனால் வந்த வழக்கம்.

இதில் தராசு என்று ஒரு பெரியவர். அவர் டாக்டரிடம் வருகிற நாள் வேறு, நேரில் நான் பார்த்ததே இல்லை. நகைக்கடையில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்தே ஆயுசைக் கழித்தவராம். வேலையை விட்ட பிறகு கை சும்மா இருக்குமா? பொன்னை நிறுத்த கை சோற்றை நிறுக்க ஆரம்பித்துவிட்டது. ரொட்டித் துண்டு, அவித்த கிழங்கு, ஆப்பிளில் பாதி, எல்லாம் தராசில் ஏறி இறங்கித்தான் அவர் வாய்க்குள் போகும். அதோடு விட்டால் நான் ஏன் பேசப் போகிறேன்? அடுத்தவர் தட்டையும் எட்டிப் பார்ப்பார். நீ போட்டிருக்கிறது இரண்டு கரண்டி இல்லையம்மா, மண்வெட்டியால் அள்ளியிருக்கிறாய் என்பார். நானோ கண்ணளவுக்காரி. தலைச்சாயத்தையே கண்ணளவில் கலக்குகிறவள். எங்கள் இரண்டு பேருக்கும் ஆகுமா?

தினம் காலையில் அவர் நம்பர்தான் முதலில் வரும். அடுத்த நிமிஷம் என்னோடு வம்பு. நடக்கவில்லை என்று திட்டினால் நானும் திருப்பித் திட்டுவேன். மற்றவர்கள் பூப்படம் போட்டு, குட் மார்னிங் சொல்லி, கைகூப்புகிற பொம்மையை அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். விடுங்க சார், விடுங்கம்மா என்பார்கள். நாங்கள் விட்டால்தானே! தாழ்ப்பாளுக்காக மட்டும் மூன்று நாள் மல்லுக்கட்டினோம். தனியாக இருப்பவர்கள் உள்தாழ்ப்பாள் போடாதீர்கள், விழுந்து கிடந்தால் கதவை உடைக்க ஆள் தேட வேண்டியிருக்கும் என்று நான் எழுதினேன். திருடன் வந்தால் உன் வீட்டுக்காரரையா கூப்பிடுவது என்று அவர் எழுதினார். தாராளமாகக் கூப்பிடுங்கள், அவர் குறட்டைச் சத்தத்துக்கே திருடன் ஓடிவிடுவான் என்றேன். குரூப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை, நாள் பூராவும் திருடர்களைப் பற்றியே எழுதினார்.

இன்னொரு தரம் அவர் பெரிய பாடமே நடத்தினார். சர்க்கரை இறங்கி மயங்கினவர் வாயில் எதையும் ஊற்றாதே, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வை. குளுக்கோஸ் மாவைக் குழைத்து ஈறிலும் கன்னத்தின் உள்பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவு. பையில் எப்போதும் ஒரு பாக்கெட் வைத்துக்கொள். ஈறில் தடவுவதற்கு அது என்ன பல்பொடியா என்று நான் கேட்டேன். அன்றைக்கு அவர் என்னோடு சாயங்காலம் வரை பேசவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் என் பலகாரத் தட்டைப் படம் பிடித்துப் போட்டேன். வெண்ணெய் தடவிய ரொட்டி, ஒரு முட்டை, அரை வாழைப்பழம். சும்மா இருக்காமல் தராசின் கண்ணில் படட்டும் என்றுதான் போட்டேன், அதை மறைப்பானேன். உடனே பாய்ந்தார். அது அரைப் பழமா, முக்கால் பழம் என்றார். வந்து அளந்து பாருங்கள் என்றேன். அளக்கத் தெரியாதவர்களுக்குத்தான் கால் போகும் என்றார். அளந்து அளந்து தின்பவருக்கு ஆயுசு கூடிவிடுமா என்றேன். வழக்கமான கச்சேரிதான். ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு உள்ளூர ஒரே குஷி.

போகப் போகக் கச்சேரி தடம் மாறியது. பேச்சு வெண்ணெய்க்குப் போய்விட்டது, அவரோ மறுபடி வாழைப்பழம் முக்கால் என்றார். சரி, முடிந்த கதை என்றேன். மறுபடி வாழைப்பழம் முக்கால். நீ செத்தால் உன் வீட்டுக்காரன் நிம்மதியாக இருப்பான் என்று எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. எவ்வளவு சண்டை போட்டாலும் அவர் அந்த மாதிரிப் பேசுகிற ஆள் இல்லை. நடுவில் ஒரு பாவப்பட்ட அம்மா கைகூப்புகிற பொம்மையை அனுப்ப, கும்பிடு போடுகிறவள் எல்லாம் திருடி என்றார். கடைசியில், என் தராசு பொய் சொல்கிறது, நீங்கள் எல்லாரும் சேர்ந்து அதை மாற்றிவிட்டீர்கள் என்றார்.

எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. பெரிய மனுஷன் என்று மரியாதை கொடுத்தால் தலைமேல் ஏறுகிறீர்களே, உங்கள் வீட்டில் துணைக்கு ஒரு நாய்கூட இல்லாதது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது என்று எழுதிவிட்டேன். எழுதி அனுப்பிய பிறகுதான் ஐயோ என்றிருந்தது. ஆனால் வாய் வாய்தான்.

மருந்துக்கடைக்கார அக்காவுக்கும் பொறுமை போய்விட்டது. இன்று முழுக்க யாரும் எழுத வேண்டாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போட்டு, அட்மின் மட்டும்தான் எழுத முடியும் என்று குரூப்பைப் பூட்டிவிட்டார். அதுவும் போதாமல் நான் தராசை என் போனில் பிளாக் செய்தேன். இனி அவர் என்னைக் கூப்பிடவும் முடியாது, எழுதவும் முடியாது. விட்டது தொல்லை என்று பார்லருக்குக் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஒரு டீச்சரம்மா தலைச்சாயம் போட உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் என் நாத்தனார் இன்னொருவருக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா அவர், பார்லரில் எனக்குப் பங்காளி. காலையில் நடந்த சண்டையை நான் கை, கால், மூக்கு எல்லாம் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாத்தனார் சிரித்துச் சிரித்து நூலை விட்டுவிட்டார்.

"அன்னிக்கு நீ என் தம்பி மேல தட்டைத் தூக்கி எறிஞ்சியே, அதே மாதிரில்ல கத்தியிருக்காரு மனுஷன். அவருக்கும் சர்க்கரை இறங்கிடுச்சோ என்னவோ," என்றார்.

கிண்டலாகத்தான் சொன்னார். டீச்சரம்மாகூடச் சிரித்தார். என் கையில் இருந்த சாயப் பிரஷ் மட்டும் அப்படியே நின்றது.

அந்தத் தட்டுக் கதை உண்மை. போன மழைக்காலத்தில் ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட நேரமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் சாப்பாட்டைக் கொண்டு வந்து வைக்க, அதில் விஷம் கலந்திருக்கிறார் என்று கத்தித் தட்டை அவர் முகத்தில் எறிந்தேன். அவர் திட்டு வாங்கிக்கொண்டே என் வாயில் சர்க்கரையைத் திணித்தார். கொஞ்ச நேரத்தில் எனக்குப் புத்தி திரும்பியது. நான் எறிந்தது எனக்கே ஞாபகம் இல்லை. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கினால் மனுஷன் மனுஷனாக இருப்பதில்லை. சொன்னதையே சொல்வோம், எல்லாரும் எதிரியாகத் தெரிவார்கள். அதற்கப்புறம் மயக்கம். அதற்கப்புறமும் யாரும் வராவிட்டால் என்ன என்பதை எங்கள் குரூப்பில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். காலைச் சண்டையை முதலிலிருந்து பார்த்தேன். அவர் நம்பர் எங்கே? மேலே போனேன், கீழே வந்தேன். இல்லை. தினம் முதல் ஆளாக நம்பர் போடுகிறவர், அன்றைக்கு நம்பரே போடாமல் என் வாழைப்பழத்தின் மேல் பாய்ந்திருக்கிறார். குரூப் திறந்திருந்தால் இந்நேரம் யாராவது கேட்டிருப்பார்கள். குரூப்தான் பூட்டிக் கிடக்கிறதே.

ஊசி போட்டுக்கொண்டு, ரொட்டியைத் தராசில் வைத்துவிட்டு, என்னோடு மல்லுக்கு நின்றவர் அந்த ரொட்டியைத் தின்றாரா?

குரூப்பில் இருக்கிற அத்தனை பேரும் இந்த வியாதிக்காரர்கள். சர்க்கரை இறங்கினவர் எப்படிப் பேசுவார் என்பது எங்களுக்குத் தெரிகிற மாதிரி எந்த டாக்டருக்கும் தெரியாது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவர் எப்போதும் சிடுசிடுப்பவர்தானே, இன்றைக்குக் கொஞ்சம் கூடுதல் என்று எடுத்துக்கொண்டுவிட்டோம்.

பிளாக்கை எடுத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டேன், அதே கதை. என் மேல் கோபமாக இருக்கும், அதனால்தான் எடுக்கவில்லை என்று மனசைத் தேற்றப் பார்த்தேன். மனசு தேறவில்லை. என் மேல் கோபமென்றால் எடுத்துத் திட்டுகிற ஆள் அவர்.

மருந்துக்கடைக்கார அக்காவைக் கூப்பிட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆளாளுக்குத் தனியாகப் பிராது சொல்லக் கூப்பிடுவார்கள் என்று அணைத்துவிட்டிருப்பார், பாவம். அவர் கடையும் டாக்டரின் கிளினிக்கும் ஞாயிறு விடுமுறை. குரூப்பில் இருக்கிற நம்பர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். தினமும் தவறாமல் அவருக்கு குட் மார்னிங் சொல்லும் ஒருவர், அவர் வீடு எங்கே என்று தெரியாதேம்மா, நல்ல மனுஷர் என்று மட்டும் தெரியும் என்றார். இன்னொருவருக்கு அவர் பேர்கூடத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரியுமா? தராசு, அவ்வளவுதான். ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டேன். விலாசம் சொல்லுங்கள் என்றார்கள். ஒரு மனுஷன் எங்கேயோ ஒரு கதவுக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறார், எந்தக் கதவு என்று தெரியாது என்று எப்படிச் சொல்வது? போனை வைத்துவிட்டேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

நாத்தனார் சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தார். சாயத்தை நான் பார்த்துக்கறேன், நீ தம்பியைக் கூப்பிடு என்றார். டீச்சரம்மா பாதித் தலை கறுப்பும் பாதித் தலை வெள்ளையுமாக எழுந்து நின்று, என் தலை கிடக்கட்டும், நீங்க மொதல்ல போங்க என்றார்.

என் வீட்டுக்காரர் வீடு வீடாகக் குடிதண்ணீர் கேன் போடுகிறவர். கேன் வண்டியோடு வந்து நின்றார். அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது. பூகம்பம் வந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். நான் அழுகிறதைப் பார்த்து அவர் முகமும் மாறியது. அந்த ஆளைப் பற்றி என்னதான் தெரியும் என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. வெண்ணெய்ச் சண்டையில் சொல்லியிருக்கிறார், அவர் வீட்டுக்குக் கீழே பேக்கரி, காலையில் அந்த வாசனையிலேயே நான் தாக்குப்பிடிக்கிறேன், உனக்கென்ன கேடு என்று. தூக்கச் சண்டையில் சொல்லியிருக்கிறார், தலைக்கு நேர் மேலே டான்ஸ் கிளாஸ், ஞாயிற்றுக்கிழமைகூடத் தொம் தொம் என்று. நடைச் சண்டையில் சொல்லியிருக்கிறார், லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் மாடி ஏறி இறங்குகிறவனுக்குத் தனியாக வாக்கிங் எதற்கு என்று. பூப்படம் அனுப்பியவர்களுக்கு ஒரு எழவும் தெரியவில்லை. சண்டைக்காரி எனக்கு அவர் வீடே தெரிந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"அந்த டான்ஸ் கிளாஸுக்கு நான்தானே கேன் தூக்கிட்டுப் போறேன். என் முதுகு போனதே அந்த லிஃப்டாலதான். ஏறு," என்றார்.

வழியெல்லாம் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. ஒவ்வொரு சிக்னலிலும் நான் போன் அடித்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். துணைக்கு ஒரு நாய்கூட இல்லை என்று நான் எழுதியது திரும்பத் திரும்பக் கண்முன் வந்தது. அந்த மனுஷன் கடைசியாகப் படித்தது அதுவாக இருந்தால்? கடவுளே, அது மட்டும் வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னேன். என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை விரட்டினார்.

கீழே பேக்கரி இருந்தது. வெண்ணெய் வாசனை தெருமுனைக்கே வந்தது. லிஃப்ட் வாசலில் ஒரு கயிறு கட்டியிருந்தது. படி ஏறினோம். மேலேயிருந்து பிள்ளைகள் ஆடுகிற சத்தமும், ஒருத்தி தாளத்துக்கு எண்ணுகிற குரலும் கேட்டது. அதற்கு நேர் கீழ்த் தளத்தில் எதிரெதிராக இரண்டு கதவுகள். எது அவருடையது?

போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். இடது பக்கக் கதவுக்குப் பின்னால் மணி அடித்தது.

அந்தச் சத்தத்தை என்னால் மறக்க முடியாது. என் கையில் இருக்கிற போன் இங்கே கூப்பிட, ஒரு மரக்கதவுக்கு அந்தப் பக்கம் அது பாட்டுக்கு அடிக்கிறது. எடுக்க ஆள் இல்லை. அடித்து ஓய்ந்தது. மேலே பிள்ளைகளின் கால்கள் தொம் தொம் என்று விழுந்தன. என் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். சார், சார் என்று கூப்பிட்டார். எனக்குக் குரல் வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே பயமாக இருந்தது. திரும்பி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

கதவை உடைக்க வேண்டியதுதான் என்று என் வீட்டுக்காரர் இரண்டடி பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். கொடுத்த வேகத்தில் உள்ளே போய்க் குப்புற விழப் பார்த்தார். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்தாழ்ப்பாள் போடவில்லை.

மூன்று நாள் என்னோடு மல்லுக்கட்டினவர் தாழ்ப்பாள் போடவில்லை.

உள்ளே சின்ன வீடு. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சமையலறை மேஜையில் தராசு. பழைய காலத்து முள் தராசு. அதன் தட்டில் இரண்டு ரொட்டித் துண்டுகள் காய்ந்து விறைத்துக் கிடந்தன. முள் அதற்குரிய இடத்தில் அசையாமல் நின்றது. பக்கத்தில் அவித்த முட்டை, தோல்கூட உரிக்கவில்லை. ஊசி மூடி திறந்து கிடந்தது. மேஜைக்கும் அலமாரிக்கும் நடுவில், தரையில், அவர்.

போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். சட்டை முழுக்க வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் பாதி திறந்து எதையும் பார்க்காமல் இருந்தது. நான் இத்தனை நாள் மனசில் வைத்திருந்தது மீசையும் தொந்தியுமாக ஒரு பெரிய ஆள். இவரோ ஸ்கூல் பையன் உடம்பு. இந்த உடம்போடா நான் மல்லுக்கு நின்றேன் என்று ஓவென்று அழுகை வந்தது. அப்போதுதான் தொண்டையில் கர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. மூச்சு இருந்தது.

என் வீட்டுக்காரர் வாசலுக்கு ஓடிக் கதவு எண்ணைப் பார்த்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். நான் தரையில் உட்கார்ந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று தலைக்குள் ஒரு குரல் வரிசையாகச் சொன்னது. அது அவர் குரல்தான், நான் கேட்டே இராத குரல். ஊற்றாதே. ஒருக்களித்துப் படுக்க வை. ஈறில் தடவு. என் கைப்பைக்குள் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருந்தது. அவர் நச்சரிப்புத் தாங்காமல், ஆனால் அவருக்குத் தெரியக் கூடாது என்று வாங்கி வைத்தது. பல்லால் கிழித்து, உள்ளங்கையில் கொட்டி, ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்து விரலில் எடுத்துக் கன்னத்துக்குள் தடவினேன். ஈறில் தடவினேன். பல் இறுகி என் விரலைக் கடித்தது. எடுக்கவில்லை. மறுபடி குழைத்தேன், மறுபடி தடவினேன். அவர் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. மேலே அந்தப் பெண் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. எனக்கும் அவருக்கும் சண்டையைத் தவிர வேறு பேச்சே கிடையாதே.

"முக்கால் பழம்தான் சார். நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் பொய் சொன்னேன். எந்திரிங்க சார். எந்திரிச்சு என்னைத் திட்டுங்க," என்றேன்.

தடவிக்கொண்டே இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் அவர் உதடு அசைந்தது. நாக்கு மெல்ல வந்து சர்க்கரையைத் தொட்டது. கண் என் பக்கம் திரும்பியது. யார் என்று தெரிந்த மாதிரி இல்லை. என் உள்ளங்கையில் கொட்டியிருந்த மாவைப் பார்த்தார்.

"அளந்தியா?" என்றார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வரும்போது நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியாமல் இருந்தேன். யார் நோயாளி என்று அவர்களுக்கு ஒரு நிமிஷம் குழப்பம் வந்துவிட்டதாம். அப்புறம் என் வீட்டுக்காரர் சொன்னது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பார்க்க விட்டார்கள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. நான் பட்டாசு என்று சொன்னேன். உற்றுப் பார்த்தார். காலையில் என்னென்ன எழுதினார் என்று அவருக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. நானும் சொல்லவில்லை. நான் எழுதிய கடைசி வரியும் அவர் மண்டையில் இல்லை என்று தெரிந்தபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போனில் இருக்குமே, படிப்பாரே என்பது அடுத்த நிமிஷமே உறைத்தது. அதனால் நானே சொல்லிவிட்டேன், அந்த நாய் வரியை, அப்படியே. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அது படிச்சது ஞாபகமில்லம்மா. ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு. கை நடுங்கிச்சு. குரூப்ல போடப் பார்த்தேன், போகல. உடனே உனக்குத்தான் தனியா போட்டேன்."

அவர் போனைப் பிறகு பார்த்தேன். சர்க்கரை என்ற ஒரே சொல். எனக்குத்தான் அனுப்பியிருந்தார். நான் பிளாக் செய்திருந்ததால் அது என்னிடம் வந்து சேரவே இல்லை. அந்த நேரத்தில் நான் பார்லரில் சாயத்தைக் கலக்கிக்கொண்டு, சண்டையில் ஜெயித்த கதையை எடுத்துவிட்டுக்கொண்டிருந்திருப்பேன். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஏன் எனக்கு, அத்தனை பேர் இருக்கும்போது, என்று கேட்டேன். கேட்கவே பயமாக இருந்தது.

"மத்தவங்க பூப்படம் போட்டுட்டுப் போயிடுவாங்க. பதில் போடறது நீ ஒருத்திதான். திட்டறதுக்காவது உடனே வருவியே," என்றார்.

நான் வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக என் விரலில் பல் பதிந்த இடத்தைத் துடைத்துவிட்டார்.

இப்போது குரூப்பில் புதுச் சட்டம். மருந்துக்கடைக்கார அக்கா போட்டது. முதலில் நம்பர், அப்புறம் சண்டை. குரூப்பை இனி எதற்காகவும் பூட்ட மாட்டேன் என்றும் சத்தியம் செய்திருக்கிறார். தராசு வீட்டுக்கு வந்துவிட்டார். பழையபடி வம்பும் வந்துவிட்டது. ஆனால் எனக்கு முன்போலக் குஷி இல்லை. அவர் கொஞ்சம் கூடுதலாகச் சீறினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இது அவர் குணமா, இறங்கின சர்க்கரையா? எழுத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? வெட்டிச் சண்டை என்று ஊர் சொல்லட்டும், நான் ஒவ்வொரு வரியையும் டாக்டர் மாதிரி நாடி பிடித்துப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலையில் அவர் நம்பர் வரவில்லை. மற்றவர்கள் நம்பர் வந்தது, பூப்படம் வந்தது. அவருடையது வரவில்லை. திடீரென்று அவரிடமிருந்து ஒரு வரி மட்டும் வந்தது. எங்கே போய்த் தொலைந்தாய், அறிவிருக்கிறதா உனக்கு என்று. நம்பர் இல்லாமல் வெறும் திட்டு. என் வீட்டுக்காரரை எழுப்பி வண்டிச் சாவியை எடுங்கள் என்று கத்திக்கொண்டே எழுதினேன், நம்பர் எங்கே சார் என்று.

பதில் வருவதற்குள் எனக்கு நூறு வயசு கூடிவிட்டது.

மெஷின் படத்தோடு நம்பர் வந்தது. நல்ல நம்பர்தான். அடியில் எழுதியிருந்தார்.

"நான் அப்பவே குத்திப் பார்த்துட்டேன். உன்னோடது வரட்டும்னு கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். உன் நம்பர் எங்கம்மா? பயந்தே போயிட்டேன்."